உங்களுக்குத் தெரியுமா? மைனர் கார்டில் ஏழு சுரம்

டி, எஃப், ஏ சேர்ந்தால் டி மைனர். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று விட்டு ஒன்றாக இன்னும் மேலே அடுக்கிப் பாருங்கள். சி வந்தால் மைனர் செவன்த், இ வந்தால் நைன்த், ஜி-க்கு லெவன்த், பி-க்கு தேர்டீன்த். அடுத்த அடுக்கில் மறுபடி டி தான். அதனால்தான் ஃபிஃப்டீன்த் என்று ஒரு கார்டு கிடையாது.

அந்த தேர்டீன்த்தில் ஏழு சுரமும் வந்துவிட்டன. டி-யை ஸட்ஜமாக வைத்து வரிசையாக வாசித்தால் மேற்கத்தியருக்கு அது டோரியன். நமக்குக் கரகரப்பிரியா, 22-வது மேளகர்த்தா. (கமகம் இல்லாமல் கரகரப்பிரியாவா என்று வித்வான்கள் கோபிப்பது நியாயமே.)

மேஜரில் இப்படி அடுக்க முடியாதா? முடியும், ஆனால் இடிக்கும். சி மேஜரில் இருக்கும் இ-க்கும் லெவன்த்தாக வரும் எஃப்-க்கும் அரைச்சுர நெருக்கம்; காதைக் கீறும். ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் அதை எஃப் ஷார்ப் ஆக்கித் தப்பிக்கிறார்கள். டி மைனரிலோ எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவே முழுச்சுர இடைவெளி. சோகத்துக்குப் பேர்போன கார்டுதான் விருந்தாளிகளைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது! தேர்டீன்த்தில் மட்டும் சற்று ஜாக்கிரதை: எஃப், பி இரண்டும் ஜி செவன்த்தின் உயிர்நாடி. சேர்ந்து ஒலித்தால், கார்டு மாறிவிட்டதோ என்று காது ஏமாறும்.

இத்தனைக்கும் பத்து விரல் வேண்டாம். ஐந்தாவது சுரத்தை விட்டுவிடலாம். மூல சுரத்தை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். எஃப் மேஜர் செவன்த் வாசிக்கத் தெரியுமா? அடியில் ஒரு டி வைத்தால் அதுவே டி மைனர் நைன்த்.

1959 மார்ச் 2, நியூயார்க். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துக்காக 'ஸோ வாட்' பதிவாகிறது. பேஸ் கேட்கும் கேள்விக்கு பில் எவன்ஸின் பியானோ இரண்டே கார்டுகளில் பதில் சொல்லும். முதல் கார்டு இ, ஏ, டி, ஜி, பி. கிட்டாரில் எங்கும் விரல் வைக்காமல் தடித்த தந்தியிலிருந்து ஐந்து தந்திகளை மீட்டுங்கள், அதே சுரங்கள்! இ மைனர் லெவன்த். நைன்த் மட்டும் விடுபட்டிருக்கிறது.

ஜேம்ஸ் பாண்ட் தீம் முடியும்போது கிட்டாரில் 'ணங்' என்று ஒரு கார்டு வருமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 1962-ல் 'டாக்டர் நோ' படத்துக்காக விக் ஃப்ளிக் வாசித்தது. இ மைனர் நைன்த்தில் டி-யை அரைச்சுரம் ஏற்றி டி ஷார்ப் ஆக்கினால் போதும், துப்பாக்கி இல்லாமலே உளவாளி வந்துவிடுவார்.