அப்பன் யார்? ஆத்தா யார்? பிச்சாவரம் மரத்துக்கு டி.என்.ஏ. சோதனை!

சிதம்பரம்,-

பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று கோர்ட்டில் தகராறு வந்தால் டி.என்.ஏ. சோதனை நடக்கும். இங்கே ஒரு மரத்துக்கே அந்தச் சோதனை நடந்தது. துப்பும் துலங்கியது!

சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது பிச்சாவரம். உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கும் காடு. எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' (1975) படக்காட்சிகள் எடுக்கப்பட்டதும் இங்கேதான்.

தப்பான பெயர்

இந்தக் காட்டில் சுரபுன்னை மரம் இரண்டு சாதி உண்டு. ஒன்று எபிகுலேட்டா, மற்றொன்று மியூக்ரனேட்டா. இரண்டின் சாயலும் கொண்ட மூன்றாவது மரம் ஒன்று நடுவே நின்றது.

அதற்கு முதலில் 'லமார்க்கி' என்று பெயர் எழுதி வைத்தார்கள். ஆனால் லமார்க்கியின் பெற்றோரில் ஒன்று ஸ்டைலோசா. அந்த மரம் பிச்சாவரத்திலேயே கிடையாது! இல்லாத அப்பனுக்குப் பிள்ளை எப்படி?

அண்ணாமலைப் பல்கலைக்கழக விஞ்ஞானி கதிரேசன் 1995-ல் இந்த மரத்துக்கு 'அண்ணாமலையானா' என்று புதுப்பெயர் சூட்டினார்.

காட்டிக் கொடுத்த கோடு

சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் இலைகளில் இருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் கோடு கோடாக ஒப்பிட்டார்கள். மூன்றாவது மரத்தில் எபிகுலேட்டாவின் கோடும் இருந்தது. மியூக்ரனேட்டாவின் கோடும் இருந்தது. பெற்றோர் இருவரும் பக்கத்திலேயே நின்றது அம்பலமானது!

கிருமிக்கு எமன்

"மரத்துக்கு அப்பன் யாராக இருந்தால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

சதுப்பு நில மரங்களின் இலை, பட்டைச் சாறுகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். கிண்ணத்தில் கிருமியை வளர்த்து, சாறில் நனைத்த காகித வில்லையை அதில் வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டம் விழுந்தால் சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம். புண்ணில் சீழ் வைக்கும் கிருமிக்கு எதிராகப் பல சாறுகளில் இந்த வட்டம் விழுந்திருக்கிறது.

ஆனால் எல்லா மரத்திலும் ஒரே வேகம் இல்லை. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும். மரத்தின் பெயரே தப்பென்றால், மருந்தும் தப்பாகி விடும்!

உஷார்! கண் போகும்!

கிண்ணத்தில் ஜெயித்தது மருந்துக்கடைக்கு வர நெடுந்தூரம் போக வேண்டும். யாரும் இலையைப் பறித்து வந்து வீட்டில் கஷாயம் போட்டு விடக் கூடாது. இதே காட்டில்தான் தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து!

ஒரே ரகம் வேண்டாம்

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகள் கூறின. அதன் பிறகு கடலோரங்களில் கன்று நடுவது பெருகியது.

நாலு மரத்து விதையையே ஊரெல்லாம் நட்டால் எல்லாம் ஒரே ரத்தம் ஆகிவிடும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் சாயும். பல இடத்து விதை கலந்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

அண்ணாமலையானாவின் கதி இன்னும் மோசம். கலப்பு மரம் என்பதால் விதை பிடிப்பது அபூர்வம். பெயர் கிடைத்து விட்டது, பெற்றோரும் கிடைத்து விட்டார்கள். அந்த மரத்தை வெட்டி விட்டால்தான் திரும்பக் கிடைக்காது!