நடக்கச் சொன்னா நழுவுறாங்க... கும்மிக்குக் கூப்பிட்டா ஓடி வர்றாங்க! உடம்பைத் தேற்றும் வள்ளி கும்மி

திருப்பூர்:

"சுகர் எட்டிப் பார்க்குது. தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்லிக் கேட்காத வீடு இன்று குறைவு. முதல் நாள் புது ஷூ மாட்டிக்கொண்டு ஜோராக நடப்பார்கள். மூன்றாம் நாள் மழை வரும். ஐந்தாம் நாள் நைட் ஷிப்ட் வரும். பத்தாம் நாள் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். அடுத்த முறை ரத்தம் சோதிக்கப் போகும்போதுதான் அந்த ஷூவின் நினைப்பே வரும்.

ஆனால் கொங்கு மண்டலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல ஊர்களில் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். பகலெல்லாம் பனியன் கம்பெனியிலும் தோட்டத்திலும் வேலை பார்த்த பெண்கள், ராத்திரி சமையலை முடித்துவிட்டு கோவில் திடலுக்கு வேகவேகமாக வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையும் பாட்டியும் ஒரே வட்டத்தில் நின்று வள்ளி கும்மி ஆடுகிறார்கள்.

நடக்கச் சொன்னால் கால் வலிக்குது என்பவர்கள், இங்கே மட்டும் எப்படி ஆடுகிறார்கள்?

ஆள் தேடும், பாட்டு இழுக்கும்

வாக்கிங் பாதியில் நின்று போவதற்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. தனியாக நடக்கணும், பேச ஆள் இல்லை, போகாவிட்டால் கேட்கவும் ஆள் இல்லை. அதனால் 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று மனசு சுலபமாகச் சொல்லிவிடுகிறது.

கும்மியில் அது நடக்காது. ஒரு நாள் போகாவிட்டால் வட்டத்தில் இடம் காலியாகத் தெரியும். "ஏனுங்க்கா, நேத்து காணோம்?" என்று மறுநாளே விசாரணை வந்துவிடும். அதோடு வள்ளி தினைப்புனம் காப்பது, முருகன் வேடனாக வருவது, கிழவனாக வருவது என்று கதை நகர்ந்துகொண்டே போகும். ஆசிரியர் மைக்கில் பாட, அதற்குத் தகுந்தபடி அடி மாறும். அடுத்த அடி என்ன என்று கவனிப்பதிலேயே நேரம் போய்விடும். உடற்பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே வராது.

எல்லாவற்றுக்கும் மேலே அரங்கேற்றம் என்று ஒரு நாள் குறித்திருப்பார்கள். ஊரே பார்க்க, ஒரே மாதிரி சேலை கட்டி ஆடணும். அந்த நாளை நினைத்தே உடம்பு அலுப்பை மறந்து கால் திடலுக்கு நடக்கும்.

வேலை வேற, பயிற்சி வேற

"நாள் பூரா கம்பெனியில வேலை பார்க்கிறோமே, அதுவே எக்சர்சைஸ்தானே" என்று பலர் கேட்பதுண்டு. டைலர் உட்கார்ந்தபடியே தைக்கிறார். செக்கிங்கில் இருப்பவர் நின்றபடியே பார்க்கிறார். ஒரே நிலையில் இருப்பதால் உடம்பு சோர்ந்து போகுமே தவிர, இதயத்துக்கும் மூச்சுக்கும் தேவையான வேலை கிடைக்காது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, ஓரளவு மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, வாரத்தில் 3 நாளாவது உடம்பை நிலைப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது.

கும்மியில் குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, முன்னும் பின்னும் அடி வைத்துச் சுற்ற வேண்டும். ஒரு மணி நேரம் வீதம் வாரம் 3 நாள் ஆடினாலே 180 நிமிடம் ஆகிவிடும். ஆடும்போது தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்கின்றன. சுகர் உள்ளவர்களுக்கு அதனால்தான் இது நல்லது.

வேகம் சரியா என்று பார்க்க மிஷின் எதுவும் வேண்டாம். ஆடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியணும். ஆனால் மூச்சு வாங்குவதால் பாட முடியக்கூடாது. அப்படி இருந்தால் வேகம் சரி.

87 வயதில் பத்மஸ்ரீ

முன்பெல்லாம் வள்ளி கும்மி ஆண்கள் ஆடும் ஆட்டமாகவே இருந்தது. அதில் பெண்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த எம்.பத்திரப்பன். 2024-ம் ஆண்டு மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 87.

இவங்க உஷார்!

* இதய நோய், கட்டுப்படாத பிரஷர், கடுமையான மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்ட பிறகே ஆட வேண்டும்.

* சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்து வைத்துக்கொள்ளணும். திடீரென வியர்த்து, கை நடுங்கினால் ஆட்டத்தை நிறுத்தி உடனே சாப்பிட வேண்டும். வெறுங்காலில் ஆடினால், வீட்டுக்குப் போனதும் பாதத்தில் முள், காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* சிமெண்ட் தரையை விட மண் தரை மூட்டுக்கு நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு ஆட வேண்டாம்.

* நெஞ்சில் வலி, அழுத்தம், தலைசுற்றல் வந்தால் 'சரியாயிடும்' என்று ஆடக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரங்கேற்றம் முடிஞ்சா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரங்கேற்றம் முடிந்ததும் சேலை பீரோவுக்குள் போகும். ஆளுக்கு ஒரு பக்கம் கலைந்துவிடுவார்கள். இடுப்புக்கு மீண்டும் சதை திரும்பும், சுகரும் திரும்பும். பயிற்சியின் பலன் பயிற்சி இருக்கிற வரைக்கும்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அரங்கேற்ற நாளிலேயே, 'இனி வாரத்தில் இத்தனை நாள், இத்தனை மணிக்கு' என்று குழுவாகப் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். அடுத்து எந்த ஊர் கோவில் விசேஷத்தில் ஆடுவது என்று பார்த்து வைக்கலாம். பழைய ஆட்கள் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் ரெண்டு பேருக்குமே பயிற்சி.

கும்மி பிடிக்காதவர்களுக்கு சிலம்பம், பூப்பந்து, கபடி, கயிறு தாண்டுதல் என்று எத்தனையோ இருக்கிறது. எது ஒசத்தி என்று பார்க்காமல், எது உங்களை மறுநாளும் வர வைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட ரெண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறந்தாலும் அவர்கள் வாசலில் வந்து கூப்பிடுவார்கள்!