கண்டிக்கோட்டையில் ஆழத்தைப் படம்பிடித்தல்

நந்திமலைப் பகுதியில் பிறக்கும் ஆறுகளுள் இரண்டுக்குப் பெண்ணை என்றே பெயர். தென்பெண்ணை தமிழகத்தில் பாய்ந்து கடலூரருகே கடலில் கலக்கிறது. வடபெண்ணையோ ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு செல்கிறது. அப்பிளவின் விளிம்பில் நிற்பதே கண்டிக்கோட்டை. தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலைப்பிளவு.

நண்பர் மூவருடன் ஜம்மலமடுகு வழியாக அங்குச் சென்றேன். ஏறத்தாழ 300 அடி ஆழத்தைத் தட்டையான தாளில் காட்டுவது எப்படி? இதுவே எங்கள் கேள்வி.

உச்சிவெயிலில் பாறைகள் யாவும் ஒரே செம்மையாய்த் தெரிந்தன. வெயில் சாய்ந்ததும் ஒவ்வோர் அடுக்கின் கீழும் நிழல் விழுந்தது; ஆழம் புலப்பட்டது. அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள நீரும் ஒருங்கே தெளிவாக விழ, லென்ஸின் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கினேன். துளை சிறுத்தால் ஒளி குறையும். ஆகவே ஒளிபடும் நேரத்தைக் கூட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்த வேண்டும்.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்த மணல் இறுகியதே இப்பாறை. படிவுகள் கிடையாகவும் வெடிப்புகள் செங்குத்தாகவும் அமைந்ததால், அடுக்கிய கற்சுவர் போல் தோன்றுகிறது. இதைத் தண்ணீர் மட்டும் அறுக்கவில்லை. அது சுமந்துவந்த மணலும் கூழாங்கல்லுமே அரமாயின.

கேமராவில் கண்ணை வைத்தபடியே ஒரு நண்பர் முன்னே நகர்ந்தார். மற்றவர் தோளைப் பற்றி நிறுத்தினார். அகன்ற காட்சி காட்டும் லென்ஸ், அருகிலுள்ள விளிம்பையும் தொலைவிலிருப்பதாகக் காட்டும். எனவே படமெடுக்கும் நண்பர்களே, முதலில் இடம் பார்த்து முக்காலியை ஊன்றுங்கள். பிறகு கண்ணை வையுங்கள். வெயில் நாளையும் சாயும்.