நாளுக்கு ஒரு படம்

நாளுக்கு ஒரு படம் எடுப்பது புகைப்பட ஆர்வலர்கள் பலர் மேற்கொள்ளும் பொழுதுபோக்காகும். இதன் விதி மிக எளிது. ஒவ்வொரு நாளும் படம் எடுக்க வேண்டும். எடுத்தவற்றுள் ஒன்றை மட்டும் அந்த நாளின் படமாக வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் ஒரு மாதம் செய்து பார்ப்பர். சிலர் 365 நாள்கள் என்று இலக்கு வைத்துக்கொள்வர். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. சட்டைப்பையில் இருக்கும் திறன்பேசியே போதும்.

ஆயினும், தொடங்கிய சில வாரங்களிலேயே எதைப் படமெடுப்பது என்ற திகைப்பு வந்துவிடுகிறது. பிறந்தநாள், சுற்றுலா, தீபாவளி போன்ற நாள்களில் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் ஆண்டில் அத்தகைய நாள்கள் எத்தனை வரும்? மற்றவை எல்லாம் பள்ளிக்குச் சென்று, வீடு திரும்பி, வீட்டுப்பாடம் செய்து, உறங்கும் நாள்கள். இந்தப் பொழுதுபோக்கு உண்மையில் அந்த நாள்களைப் பற்றியது.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் இதற்குச் சிறந்த சான்று. கல்லூரி மாணவராக இருந்தபோது, 1979ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி அவர் போலராய்டு கேமராவில் ஒரு படம் எடுத்தார். எடுத்த சில நிமிடங்களிலேயே அச்சான படத்தைக் கையில் தரும் கேமரா அது. தாம் ஏறக்குறைய நாளுக்கு ஒரு படம் எடுத்து வருவதைச் சில வாரங்கள் கழித்தே அவர் கவனித்தார். அப்படியே தொடரலாம் என்று முடிவு செய்தார். அந்தப் பழக்கம் 18 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

நாளுக்கு ஒன்றுதான் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒருமுறை அவரும் நண்பரும் சர்க்கஸ் கலைஞர்களைக் கண்டனர். அவர்களில் ஒருவர் தலைகீழாக நின்றுகொண்டு கால்களால் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். இன்றைய படம் இதுதானா என்று நண்பர் கேட்டபோது, மதிய உணவை ஏற்கெனவே படமெடுத்தாயிற்று என்று லிவிங்ஸ்டன் சொல்லிவிட்டாராம். ஒரு தட்டு உணவுக்காக வித்தைக்காரரை விட்டுவிடுவது வெறும் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால், கண்ணைக் கவரும் காட்சிகளையே தேடிச் சென்றிருந்தால், அவர் என்ன உண்டார், யாருடன் அமர்ந்திருந்தார், எந்த அறையில் வாழ்ந்தார் என்பதெல்லாம் அந்தத் தொகுப்பில் இடம்பெற்றிருக்காது.

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பிறகும் அவர் படங்களை நிறுத்தவில்லை. மருத்துவமனையும் அதில் இருக்கிறது. வாழ்வின் இறுதி மாதத்தில் நடந்த அவரது திருமணமும் இருக்கிறது. கடைசிப் படம் 1997ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதிக்கு உரியது. அன்றுதான் அவர் காலமானார். அது அவருடைய 41ஆவது பிறந்தநாள். பின்னர் நண்பர்கள் அந்தப் படங்களைத் தேதிவாரியாக ஒழுங்குபடுத்தி, அவர் படித்த பார்டு கல்லூரியில் 2007ஆம் ஆண்டு கண்காட்சி நடத்தினர். அங்கு வைக்கப்பட்டவை 6,697 படங்கள்.

முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரையிலான நாள்களை எண்ணினால் 6,784 வருகிறது. அப்படியென்றால், ஏறத்தாழ 90 நாள்களுக்குப் படம் இல்லை. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு படம் எடுப்போரில் பலர், ஒரு நாள் தவறியதும் எல்லாம் கெட்டுப்போய்விட்டதாக எண்ணி மொத்தத்தையும் கைவிட்டுவிடுகின்றனர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துப் பழக்கங்கள் எவ்வாறு உருவாகின்றன என்று ஆராய்ந்தனர். ஒரு செயல் தன்னியல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாள்கள் தேவைப்பட்டன. சிலருக்கு 18 நாள்களே போதுமானதாக இருந்தது. வேறு சிலருக்கு 250 நாள்களுக்கு மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

தவறிய நாள்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு இன்னொருவரின் முயற்சி வழிகாட்டுகிறது. தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கலைஞர் டெசிங் ஷியே, 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் ஓராண்டுக்கு, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை எழுந்து சென்று, தொழிற்சாலைகளில் வருகையைப் பதிவு செய்யும் கடிகாரத்தில் அட்டையைப் பதித்தார். ஒவ்வொரு முறையும் தம்மையே ஒரு படமும் எடுத்துக்கொண்டார். முழுமையாகச் செய்திருந்தால் 8,760 பதிவுகள் இருந்திருக்க வேண்டும். அவர் 133 பதிவுகளைத் தவறவிட்டார். அவற்றை அவர் மறைக்கவில்லை. உறங்கிவிட்டதால் 94, தாமதமாகச் சென்றதால் 29, நேரத்திற்கு முன்பே சென்றதால் 10 என்று காரணத்தோடு கணக்கு எழுதி வைத்தார். நாளுக்கு ஒரு படம் எடுப்பவரும் இதையே செய்யலாம். தவறிய தேதியின் இடத்தை வெறுமையாக விட்டு, காய்ச்சல் என்றோ தேர்வு என்றோ எழுதி வைக்கலாம். மறுநாள் இரண்டு படங்களை எடுத்து, ஒன்றுக்கு முந்தைய நாளின் தேதியைப் போடுவதைவிட அது நேர்மையானது.

இனி, எதைப் படமெடுப்பது என்ற கேள்விக்கு வரலாம். பரந்து தேடுவதற்குப் பதிலாக எல்லையைச் சுருக்கிக்கொள்வது நல்ல பலன் தரும். ஒரே இடத்தையோ ஒரே நேரத்தையோ தெரிவு செய்துகொள்ளலாம். வீட்டு முன் தாழ்வாரம், பள்ளிக்குச் செல்லும் பேருந்து நிறுத்தம், புளோக்கின் கீழ்த்தளம் ஆகியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் பருவகாலங்கள் இல்லை; எனவே ஒரே இடம் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும் என்று சிலர் வாதிடக்கூடும். லண்டனில் கோடையில் 16 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் அது 8 மணி நேரத்துக்குக் குறைந்துவிடும். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை ஏழு மணிக்கு விடிந்து, மாலை ஏழு மணிக்கு இருட்டிவிடுகிறது.

ஆனால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வோருக்கு வேறொரு மாற்றம் காத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக நிற்கிறது. டிசம்பரில் தெற்குப் பக்கமாக நிற்கிறது. அதனால் வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஆண்டின் நடுப்பகுதியில் வெயில் உள்ளே வரும், ஆண்டிறுதியில் வராது. மார்ச் மாதமும் செப்டம்பர் மாதமும் சில நாள்களில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், நண்பகலில் விளக்குக் கம்பத்தின் நிழல்கூட அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். தாழ்வாரத்தில் உலர்த்தும் துணியின் நிழல் ஓராண்டில் எங்கிருந்து எங்கு நகர்கிறது என்பதைத் தினமும் அங்கு நின்று படமெடுப்பவர் காண்பார். அந்த வீட்டில் பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கூட அதைக் கவனித்திருக்கமாட்டார். வறண்ட வானிலைக்குப் பின் மழை பெய்தால் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகவும் வெண்மையாகவும் பூத்துக் குலுங்குவதும், சில நாள்களில் அத்தனையும் தரையில் கிடப்பதும் அந்தப் படங்களில் பதிவாகும்.

திறன்பேசியில்தான் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றனவே, இதில் புதிதாக என்ன என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்குப் பொருந்தும். அருங்காட்சியகத்தில் மாணவர்கள் சில பொருள்களைப் பார்த்ததோடு விட்டனர். சில பொருள்களைப் படமும் எடுத்தனர். மறுநாள் சோதித்தபோது, படமெடுத்த பொருள்களைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தது. கேமரா நினைவில் வைத்துக்கொள்ளும் என்று மனம் அந்த வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது போலும். ஆனால், பொருளின் ஒரு பகுதியை நெருக்கமாகப் பெரிதாக்கிப் படமெடுத்தபோது நினைவு அவ்வாறு குறையவில்லை. எதை எடுப்பது என்று நின்று தேர்ந்தெடுத்ததே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் எனலாம். நாளுக்கு ஒன்றுதான் என்ற விதியும் ஒருவரை அவ்வாறு நின்று பார்க்க வைக்கிறது.

சிங்கப்பூர் போன்ற வேகமாக மாறும் நகரத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பளிச்சிடும் வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டரைப் பலரும் அறிவர். விரைவுச்சாலை அமைப்பதற்காக அதை இடிக்க முடிவான பிறகு, குடியிருப்பாளர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியேறினர். கடைசி மாதங்களில் புகைப்பட ஆர்வலர்கள் அங்குத் திரண்டனர். அந்தச் சுவர்களின் படங்கள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. அங்கு வாழ்ந்த ஒரு குடும்பம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சந்தையிலிருந்து காய்கறி வாங்கிவந்து மின்தூக்கிக்குக் காத்திருந்த காட்சியைத் தேடினால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அதை எடுத்திருக்கக்கூடியவர் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

படத்தோடு ஒரு வரி எழுதி வைப்பது அவசியம். தேதியையும் நேரத்தையும் திறன்பேசி தானே பதிவு செய்துகொள்ளும். படத்தில் இருப்பவர் பெரியம்மாவா பக்கத்து வீட்டுக்காரரா என்பதை அது அறியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்ற படத்தில் தெளிவு குறைந்துவிடும். தேதி விவரங்களும் நீங்கிவிடும். ஆகவே, மூலப் படத்தையே இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும்.

மனிதர்களைப் படமெடுக்கும்போது அனுமதி கேட்பது கட்டாயம். கோப்பிக் கடையில் தே தாரிக் ஆற்றும் அண்ணனிடமும், கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டியிடமும் முதலில் பேச வேண்டும். பிறகுதான் கேமராவை வெளியில் எடுக்க வேண்டும். வகுப்புத் தோழர் உறங்கும்போது விளையாட்டாக எடுத்த படம் அவருக்கு விளையாட்டாக இருக்காது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அன்றைய படம் அவருடைய கைக்குவளையாகவோ பூக்கூடையாகவோ இருக்கட்டும். அதற்கும் அவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சம்மதிப்பவர்களில் பலர் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்பார்கள். அச்சிட அதிகம் செலவாகாது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது மறவாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.