பூசலார் கட்டிய கோயிலும் காலை நடையும்

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாருக்குச் சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென்பது பேராவல். கையில் பொருள் இல்லை. எனவே மனத்திலேயே கட்டத் தொடங்கினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, மன்னன் குறித்த அதே நாளில் தாம் பூசலாரின் ஆலயத்தில் எழுந்தருளப் போவதாக அருளியது பெரிய புராணம் கூறும் வரலாறு.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பூசலார் கட்டி முடிந்த கோயிலை மட்டும் எண்ணி மகிழவில்லை. பொருள்களைத் தேடினார், தச்சரைச் சேர்த்தார், நல்ல நாளில் அடிநிலை இட்டார், சிகரம் வரை வரிசை வரிசையாக எழுப்பினார், கிணறும் குளமும் மதிலும் அமைத்தார், முடிவில் பிரதிஷ்டைக்கு நாளும் குறித்தார்.

இந்நுட்பம் உடற்பயிற்சிக்கும் பொருந்தும். மருத்துவர் சொன்னதும் புதுக் காலணி வாங்கி, கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நான்கு நாள் நடந்து, ஐந்தாம் நாள் போர்வைக்குள் புகுந்துகொள்வோர் பலர். சர்க்கரை குறைந்தது, இடை மெலிந்தது என்று பலனை மட்டும் கற்பனை செய்யும் மனம், உழைக்குமுன்பே நிறைவு கொண்டுவிடுகிறது.

கலிபோர்னியாவில் லியென் பாம், ஷெல்லி டெய்லர் என்னும் உளவியலாளர்கள் மாணவர்களிடையே நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. நல்ல மதிப்பெண் பெற்றதாகக் கற்பனை செய்தவர்களைவிட, தாம் அமர்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே மிகுதியாகப் படித்தனர். மிகுதியாக மதிப்பெண்ணும் பெற்றனர். 2002-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு உடற்பயிற்சியைப் பற்றியது. நாளும் நேரமும் இடமும் முன்கூட்டியே எழுதிக் கொண்டோரில் 91 விழுக்காட்டினர் பயிற்சி செய்தனர். அவ்வாறு எழுதாத குழுவில் 38 விழுக்காட்டினரே செய்தனர். பூசலார் நாள் குறித்ததன் பயன் இங்கே விளங்குகிறது.

இரவு உறங்குமுன் சில நிமிடம் கண்மூடி, மறுநாள் நடையை வரிசையாக மனத்தில் காணலாம். விடியலில் எழுவது, வாசலில் வைத்த காலணியை அணிவது, சர்தார் படேல் சாலை, மண்டப வாயில், மர நிழல், முதல் சுற்றில் கனக்கும் முழங்கால், இரண்டாம் சுற்றில் அது இளகுவது என ஒவ்வொன்றாகக் காண வேண்டும். இடையூறும் அதில் இடம்பெற வேண்டும்: மழை பெய்தால் வீட்டுக் கூடத்திலேயே நடப்பது என்று அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் போதும். முதுமையிலும் பிறர் கைபற்றாமல் சந்நிதிப் படியேறும் வலிமைக்கு இது துணை. நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது முறை.

பூசலார் பொருள் இல்லாமையால் மனத்தில் கட்டினார். நடக்க வல்லவருக்கு மனத்தில் நடப்பது தொடக்கம் மட்டுமே. மிச்சத்தைக் கால்கள்தாம் செய்ய வேண்டும்.