168 ஹெக்டேயர் சின்னதா?



மன்னாரிலிருந்து பூநகரிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாயா? விடத்தல்தீவைத் தாண்டினால் இலுப்பைக்கடவை வரும். இந்தக் கரைப்பக்கம் எங்கும் சேறும் உவர்நிலமும் கண்டல் காடும்தான். "வெறும் சேறு, எதற்கு உதவும்?" என்று பெரியவர்கள் சிலரே கேட்பார்கள். பதில் இறாலிடம் இருக்கிறது.

தாய் இறால் கரையை விட்டுத் தள்ளிக் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு கரைக்கு வந்து கண்டல் வேர்களுக்குள் புகுந்துகொள்ளும். அந்தப் பின்னலுக்குள் பெரிய மீன் நுழைய முடியாது. உதிர்ந்து மக்கும் இலைகளால் சாப்பாட்டுக்கும் குறையில்லை. கண்டல் காடு இறாலின் பாலர் பாடசாலை! வளர்ந்ததும் அவை கடலுக்குத் திரும்பிவிடும். விளங்குகிறதா? கரையில் கண்டலை வெட்டினால் கடலில் வலை காலியாகும்.

"சேற்றுக்குள் காற்றே இல்லையே, மரம் எப்படி மூச்சு விடும்?" என்று கேட்கிறாயா? சபாஷ்! கண்டல் காட்டில் நிற்கும் கண்ணா மரம் தன் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டும். அவற்றில் நுண்ணிய துளைகள் உண்டு. வற்று நேரத்தில் அவற்றின் வழியே காற்று உள்ளே போகும். கண்டல் மரம் இன்னும் கெட்டி. விதையைத் தன் கிளையிலேயே முளைக்க வைத்து, நீண்ட முளையான பிறகுதான் கீழே போடும்.

இந்தச் செல்வத்துக்காகத்தான் 2016இல் விடத்தல்தீவில் 29,180 ஹெக்டேயரை இயற்கை ஒதுக்கிடமாக அரசு அறிவித்தது. ஆனால் 2024இல் இன்னொரு வர்த்தமானி வந்தது. நீருயிரின வளர்ப்புக்காக, அதாவது இறால், மீன் போன்றவற்றைப் பண்ணைகளில் வளர்ப்பதற்காக, அதிலிருந்து 168 ஹெக்டேயர் விடுவிக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார். ஆயிரத்தில் ஆறு பங்குகூட இல்லை. பிறகேன் கவலை?

கொஞ்சம் யோசி. வர்த்தமானியில் கோடு போடலாம், தண்ணீரில் போட முடியுமா? பண்ணைக் குளங்களில் மிஞ்சும் தீனியும் கழிவும் நோய்க்கிருமியும் வெளியே வந்தால், பெருக்கும் வற்றும் அவற்றைக் காடு முழுக்கக் கொண்டுபோகும். புத்தளத்தை நினைத்துக்கொள். அங்கே இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்களை அழித்தார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளும் நொடித்தன. பல குளங்கள் கைவிடப்பட்டன. வெட்டிய காடு அவ்வளவு எளிதில் திரும்பி வரவில்லை.

அதனால் சுற்றுச்சூழல் அமைப்புகள் கொழும்பில் வழக்குப் போட்டன. உயர் நீதிமன்றமும் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது. வழக்குப் போட்டது மிகச் சரி என்பேன். பண்ணை வந்தால் வேலை கிடைக்கும் என்பதும் பொய்யல்ல. ஆனால் அதைக் கண்டல் இல்லாத இடத்தில் அமைக்கலாமே!

இப்படிப்பட்ட வழக்குகளில் ஊர்க்காரரின் அறிவும் சாட்சிதான். ஆகவே உனக்கு ஒரு வேலை. கடற்றொழில் செய்யும் மாமாவிடம், தாத்தாவிடம் கேள்: குஞ்சு இறால் எந்த மாதம் கரைக்கு வரும்? முன்பு எங்கெல்லாம் கண்டல் நின்றது? கொப்பியில் திகதியோடு எழுதி, உன் விஞ்ஞான ரீச்சரிடம் காட்டு.