ஒரு லட்சம் டாலர் போனஸ், 20 வயசு: கையெழுத்துப் போடலாமா?



ஜூலை மாசம். அமெரிக்காவில் ஒரு 20 வயசுப் பையன் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். இரண்டு வருஷமா கம்யூனிட்டி காலேஜில் படிச்சுக்கிட்டே பேஸ்பால் ஆடினவன். போன் அடிக்குது. "15-வது ரவுண்டில் உன்னை எடுக்கலாம்னு இருக்கோம். சைனிங் போனஸ் ஒரு லட்சம் டாலர். சம்மதமா?" யோசிக்க அவனுக்குக் கிடைக்கிறது சில நிமிஷம்தான்.

இந்தப் பையன் கணக்குக்காக நான் வைச்சுக்கிட்ட ஆள். ஆனா இதே போன் கால் ஒவ்வொரு வருஷமும் நிஜமாவே பல பசங்களுக்கு வருது. பேஸ்பால் பற்றி ஒண்ணும் தெரியாதேன்னு ஓடிடாதீங்க. ஜாயினிங் போனஸ் போட்ட ஆஃபர் லெட்டரை ராத்திரி முழுக்க முறைச்சுப் பார்த்தவங்க எல்லாருக்கும் இது புரியும்.

முதல்ல, இவன் ஏன் கம்யூனிட்டி காலேஜில் இருக்கான்? இது இரண்டு வருஷக் கல்லூரி. ஜூனியர் காலேஜ்னும் சொல்வாங்க. கட்டணம் குறைவு. கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்து மாணவனுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருஷத்துக்கு 30 யூனிட் எடுத்தா 1,380 டாலர்தான். வெளியில் இருந்து பார்க்கிறவங்க 'பெரிய காலேஜில் இடம் கிடைக்காதவன்'னு நினைச்சுக்குவாங்க. ஆனா பேஸ்பாலில் இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு.

மேஜர் லீக்கில் 30 அணிகள். வருஷத்துக்கு ஒரு முறை டிராஃப்ட் நடக்கும். ஐபிஎல் ஏலம் மாதிரி எல்லாரும் விலை கேட்க முடியாது. ஒவ்வொரு அணியும் வரிசையா ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும், அந்த அணியோட மட்டும்தான் அவன் பேரம் பேச முடியும். நாலு வருஷக் கல்லூரியில் சேர்ந்தவனை மூணாவது வருஷம் முடியற வரைக்கும், இல்ல 21 வயசு ஆகற வரைக்கும், டிராஃப்டில் எடுக்கக் கூடாது. ஜூனியர் காலேஜில் இருக்கிறவனை எந்த வருஷமும் எடுக்கலாம். அதாவது, இந்த வருஷம் விலை பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் திரும்பவும் கடையைத் திறக்கலாம்.

'வேண்டாம்'னு சொன்னா திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறதுதான் இவனோட உண்மையான சொத்து. போனஸ் தொகை திறமையை வச்சு மட்டும் முடிவாகிறதில்லை. அந்த இடம் எவ்வளவு நல்ல இடம் என்பதும் அதில் கலந்திருக்கு.

ஆல்பர்ட் புஹோல்ஸ் கதையைப் பாருங்க. கன்சாஸ் சிட்டியில் மேப்பிள் உட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு சீசன் ஆடினார். 1999 டிராஃப்டில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை 13-வது ரவுண்டில், 402-வது ஆளா எடுத்தாங்க. முதல்ல சொன்ன போனஸ் 10,000 டாலர். அவர் கையெழுத்துப் போடலை. அந்தக் கோடையில் கன்சாஸில் கல்லூரி வீரர்களுக்கான ஒரு லீக்கில் போய் ஆடினார். கோடை முடியறதுக்குள்ள ஆஃபர் கிட்டத்தட்ட 60,000 டாலர் ஆச்சு. போட்டார் கையெழுத்து. 2000-ல் ஒரே வருஷத்தில் மைனர் லீக்கை முடிச்சு, 2001-ல் மேஜர் லீக்கில் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம். ஓய்வு பெறும்போது 703 ஹோம் ரன்.

ஆண்டி பெட்டிட் வேறொரு வழி. 1990-ல் பள்ளி முடிச்சப்போ நியூயார்க் யாங்கீஸ் 22-வது ரவுண்டில் எடுத்தாங்க. அவர் டெக்சஸில் சான் ஜசின்டோ காலேஜில் சேர்ந்து ஒரு வருஷம் ஆடினார், அடுத்த வருஷம் 80,000 டாலருக்கு அதே யாங்கீஸோட கையெழுத்து. அப்போ இருந்த விதிப்படி ஜூனியர் காலேஜ் போன பையன் மேல அணிக்கு அடுத்த டிராஃப்ட் வரைக்கும் உரிமை இருந்தது. நடுவில் நிறுத்தி வச்சிருந்த அந்த விதி 2022 ஒப்பந்தத்தில் திரும்ப வந்திருக்கு: 10-வது ரவுண்டுக்கு அப்புறம் எடுக்கப்பட்ட பையன் ஜூனியர் காலேஜ் போனா, அடுத்த வருஷம் 2,25,000 டாலர் வரைக்கும் கொடுத்து அதே அணி ஒப்பந்தம் போடலாம்.

ஆனா இந்தக் கதைகளைக் கேட்டுட்டு 'நானும் வேண்டாம்னு சொல்லிடுவேன்'னு கிளம்பிட முடியாது. மயாமி டேட் கம்யூனிட்டி காலேஜில் ஆடின மைக் பியாஸாவை 1988-ல் எடுத்தது 62-வது ரவுண்டில். 15,000 டாலர் போனஸோடு ஆரம்பிச்சு ஹால் ஆஃப் ஃபேம் வரைக்கும் போனார். இன்னைக்கு டிராஃப்டே 20 ரவுண்டுதான். 2021-ல் மைனர் லீக் அணிகளையும் 160-லிருந்து 120 ஆகக் குறைச்சுட்டாங்க. பெட்டிட், பியாஸா மாதிரி கடைசி வரிசையில் இருந்தவங்க உள்ளே வர்ற கதவு இப்போ ரொம்பக் குறுகல்.

சரி, நம்ம பையனோட ஒரு லட்சத்துக்கு வருவோம். தயவுசெஞ்சு டாலர் ரேட்டால் பெருக்காதீங்க. அவன் வாழப் போறதும் செலவு பண்ணப் போறதும் டாலரில்.

போனஸில் முதல் பிடித்தம் ஃபெடரல் வரி, 22 சதவீதம்: 22,000. நம்ம டிடிஎஸ் மாதிரிதான், ரிட்டர்ன் போடும்போது கூடலாம், குறையலாம். அடுத்து சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்த்து 7.65 சதவீதம்: 7,650. (ஒரு சிஏவோட சின்ன சந்தோஷம்: பேஸ்பால் சைனிங் போனஸ் சம்பளமா இல்லையான்னு அங்கே ரொம்ப நாள் கேள்வி இருந்தது. 1958-ல் 'சம்பளம் இல்லை'ன்னு சொன்ன வரித்துறை, 2004-ல் மாத்தி 'சம்பளம்தான்'னு சொல்லிடுச்சு.) ஆலோசகருக்கு 5 சதவீதம்னு வச்சுக்கிட்டா 5,000. மிச்சம் 65,350. கலிஃபோர்னியா மாதிரி இடத்தில் மாநில வரியும் போகும். டெக்சஸ், ஃபுளோரிடாவில் அது இல்லை.

இந்த 65,350-ஐ என்னவா நினைக்கிறான் என்பதில்தான் அவன் எதிர்காலமே இருக்கு. கார் வாங்குற காசுன்னு நினைச்சா கதை முடிஞ்சது. நாலு வருஷச் சம்பளத்துக்கான டாப்-அப்னு நினைச்சா வருஷத்துக்கு சுமார் 16,300 டாலர். ஏன் டாப்-அப் தேவைன்னா, மைனர் லீக் சம்பளம் அப்படி.

2021-க்கு முன்னாடி கீழ்மட்ட ஏ லீக்கில் குறைந்தபட்சம் வாரத்துக்கு 290 டாலர். அதுவும் சீசன் நடக்கிற மாசங்களுக்கு மட்டும். சீசனுக்கு முன்னாடி நடக்கிற பயிற்சி முகாமுக்குச் சம்பளமே கிடையாது. வீரர்கள் வழக்குப் போட்டப்போ மேஜர் லீக் தரப்பு வாதம், முகாமில் இருக்கிறவங்க பயிற்சியாளர்கள், கத்துக்கிறவங்கன்னு. இதைப் படிச்சப்போ என் ஆர்ட்டிகிள்ஷிப் ஞாபகம் வந்துச்சு. சில ஆயிரம் ரூபாய் ஸ்டைபெண்ட், ஆடிட் சீசனில் ராத்திரி 11 மணி வரைக்கும் வேலை, 'நீ கத்துக்கிறதே பெரிய விஷயம்பா'ன்னு ஒரு வசனம். சிரிப்பு வரலை. அந்த வழக்கு 2022-ல் 18.5 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. அதே வருஷத்திலிருந்து பெரும்பாலான வீரர்களுக்குத் தங்குமிடமும் அணிகளே கொடுக்கிறாங்க.

பெரிய மாற்றம் 2023-ல். மைனர் லீக் வீரர்களுக்கு முதல் முறையா யூனியன் ஒப்பந்தம் வந்தது. குறைந்தபட்ச வருஷச் சம்பளம் கீழ்மட்ட ஏ லீக்கில் 26,200 டாலர், டபுள் ஏ-வில் 30,250, மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கிற ட்ரிபிள் ஏ-வில் 35,800. அதே வருஷம் மேஜர் லீக் குறைந்தபட்சம் 7,20,000. கடைசிப் படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் 20 மடங்கு. பெரும்பாலான பசங்க அந்தப் படியை ஏறுறதே இல்லை.

நம்ம பையன் 26,200-உம் 16,300-உம் சேர்த்தா வருஷத்துக்கு 42,500 டாலர் கிட்ட. ராஜபோகம் இல்லை, ஆனா தங்கும் செலவு இல்லாம நாலு வருஷம் பேட் பிடிக்கலாம். பத்தாயிரம் போனஸா இருந்தா அந்த டாப்-அப் அரை வருஷம்கூட தாங்காது.

ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயம். 19 வயசுக்கு மேல கையெழுத்துப் போட்டவனை அணி ஆறு வருஷம் தன்கிட்ட வச்சுக்கலாம், முன்னாடி இது ஏழு. ஆனா அணி அவனை எப்போ வேணும்னாலும் விடுவிக்கலாம். நோட்டீஸ் பீரியட் கதையைச் சொல்லிப் புலம்புறவங்க கொஞ்சம் இதையும் பாருங்க.

'வேண்டாம்'னு சொன்னா என்ன ஆகும்? நாலு வருஷக் கல்லூரிக்கு மாறலாம். மூணாவது வருஷம் முடிஞ்சதும் திரும்ப டிராஃப்டுக்குத் தகுதி. முன்னாடி பெரிய கல்லூரி அணிக்கே மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான், பத்துப் பதினஞ்சு பேருக்கு மேல பிரிச்சுக் கொடுப்பாங்க. 2025-லிருந்து புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை, வீரர்களுக்கு நேரடியா பணமும் கொடுக்கலாம். அதனால திரும்பிப் போற இடம் முன்னைவிட நல்லா இருக்கு. ஆனா தோள்பட்டை ஒரு நாள் கிழிஞ்சா எல்லாம் போச்சு. கல்லூரியில் கடைசி வருஷமும் முடிச்சவனுக்கோ திரும்பிப் போக இடமே இல்லை. அணிக்கும் அது தெரியும், சில ஆயிரம் டாலருக்கே கையெழுத்து வாங்கிடுவாங்க.

என்னைக் கேட்டா, அந்தப் பையன் போனில் 'சரி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி போனஸ் தொகையைப் பற்றியே இல்லை. "காலேஜ் ஸ்காலர்ஷிப் பிளான் ஒப்பந்தத்தில் இருக்கா? ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு?" இதுதான் கேள்வி. மேஜர் லீக்கின் ஒரு திட்டம் இது. கையெழுத்துப் போடும்போதே எழுதி வாங்கினா, ஆட்டம் முடிஞ்சப்புறம் மீதிப் படிப்புச் செலவை அணி ஏத்துக்கும். இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிற இவனுக்கு இதன் மதிப்பு போனஸில் பாதியைத் தாண்டலாம். வாய் வார்த்தையா சொன்னதுக்கு மதிப்பில்லை. இன்னொண்ணு, தொழில்முறை ஆட்டத்தை விட்ட இரண்டு வருஷத்துக்குள்ள படிப்பைத் தொடங்கலைன்னா அந்த உரிமை போயிடும். அணி விடுவிச்ச அன்னைக்கே காலெண்டரில் தேதி குறிச்சு வைக்கணும்.

அடுத்த வீடியோவில் நம்ம ஊர் ஜாயினிங் போனஸ்: ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பிக் கட்டணும்னு போடுற அந்தப் பத்தியை வரி வரியா பிரிச்சுப் பார்க்கலாம். உங்க ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்து வைங்க.